காட்டுக்குக் கொண்டுபோக மலிவான, பிய்யாத முதுகுப்பை ஒன்று சொல்லுங்கோ (6000 ரூபாவுக்குள்)

வயற்காவல் (மல்லாவி):
எல்லாருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். காட்டுக்குப் போக ஒரு பை வேண்டும், 6000 ரூபாவுக்குள். பள்ளிக்கூடப் பையைச் சொல்லாதீர்கள், அதில் பட்ட பாடு போதும்.

எங்கள் வயல் காட்டோரம். காலபோகத்தில் கதிர் முற்றும் நேரம் பன்றி இறங்கினால் விடியப் பார்க்கும்போது கால் ஏக்கர் உழுத மாதிரிக் கிடக்கும். மாமாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு சொட்கன் இருக்கிறது. அவரும் நானும் இன்னும் இரண்டு பேரும் பரணில் காவல் இருப்போம், விடிந்ததும் பன்றி போன தடத்தில் கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்போம். வைகாசி, ஆனியில் அதே கூட்டம்தான் காட்டில் பாலைப்பழம் பறிக்கவும் போவது.

போன மாசியில் தடம் பிடித்துப் பிடித்து மூன்று மைல் உள்ளே போய்விட்டோம். என் முதுகில் மகனின் பழைய பள்ளிப் பை. தண்ணீர்ப் போத்தல் நாலு, ரோச் லைற், கத்தி, றொட்டிப் பொதி. சூரை முள் பற்றைக்குள் குனிந்து வெளியே வரும்போது வலது தோள்பட்டி மேலே தைத்த இடத்தோடு கழன்று வந்தது. பட்டி கிழியவில்லை, அது இன்றைக்கும் புதுசு மாதிரித்தான் இருக்கிறது. தைத்திருந்த துணிதான் உள்ளங்கை அளவு ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்த ஓட்டையால் ரோச் விழுந்ததை வீட்டுக்கு வந்துதான் கண்டேன். மிச்சத் தூரம் முழுக்கப் பையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். மாமா சந்தையில் காண்கிற ஆட்களுக்கெல்லாம் இன்னும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

கடைகளில் பார்த்தேன். ஒன்று 4500, ஒன்று 9000, இரண்டும் என் கண்ணுக்கு ஒரே மாதிரி. கடைக்காரர் இரண்டையும் "ஒரிஜினல்" என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பாலைப்பழம் (நெடுங்கேணி):
ஆமிப் பை எடுங்கோ அண்ணை. பச்சைப் புள்ளி போட்டது. கிழியவே கிழியாது, மிருகத்துக்கும் தெரியாது.

குளக்கட்டு (வவுனியா):
தம்பி, அந்தப் புள்ளி நிறத்தை முதுகில் போட்டுக்கொண்டு விடியப்புறம் காட்டுக்குள் இருந்து ஒழுங்கைக்கு ஏறுகிற ஆளை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று வன்னியில் இருந்துகொண்டு நான் சொல்லித்தர வேண்டுமா. அதோடு துவக்கும் கூட இருந்தால் சரி, அன்றைய நாள் விசாரணையிலேயே போய்விடும். மண் நிறம், கறுப்பு, சாம்பல் எதையாவது எடுங்கள்.

மிருகத்துக்குத் தெரியாது என்பதும் பாதிக் கதை. மானுக்கும் பன்றிக்கும் எங்களைப் போல சிவப்பைப் பிரித்துப் பார்க்கிற கண் இல்லை, சிவப்பும் செம்மஞ்சளும் அவற்றுக்கு மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் மானின் கண்ணில் நன்றாகப் படுகிற நிறம், ஆகவே அந்தப் பளிச்சென்ற நீலப் பள்ளிப் பைகளை விடுங்கள். பன்றி கண்ணை நம்புகிற பிராணியும் இல்லை, அதற்கு எல்லாம் மூக்குத்தான். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து அடித்தால் எந்த நிறப் பையும் உதவாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு கதை வேறு பக்கம் போய்விடும். பயிரை அழிக்கிற பன்றி விஷயம் வேறு. மான், மரை பற்றிய பேச்சை இங்கே எடுக்க வேண்டாம், 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை பாதுகாக்கப்பட்டவை. மடுவும் சுண்டிக்குளமும் 2015 இல் தேசியப் பூங்காக்களாகிவிட்டன, அந்த எல்லைக்குள் பன்றி என்றும் பார்க்க மாட்டார்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால், அது மிதிவெடி எச்சரிக்கை, தடம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பன்றி மிதிக்காத இடத்தை மனிதன் மிதிப்பான்.

இடியன் (ஒட்டுசுட்டான்):
பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இடியன் என்கிற நாட்டுத் துவக்கு எங்கள் அப்பாவிடம் இருந்தது, என்னிடம் இப்போது இருப்பது மூட்டுவலி மட்டும்.

நாங்கள் பை வாங்கினதே இல்லை. யூரியா உரப்பைதான். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கும், ஆகவே சொல்கிறேன். உரப்பையின் அடி மூலை இரண்டிலும் உள்ளே ஒவ்வொரு கூழாங்கல்லைப் போடுங்கள், எலுமிச்சங்காய் அளவு. வெளியே இருந்து கல்லோடு சேர்த்து மூலையைப் பிடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் அது எந்தக் காலத்திலும் உருவி வராது, கல் விடாது. ஒரு மூலையில் இருந்து மேலே வந்து பையின் வாயைச் சுற்றி ஒரு முடிச்சு, திரும்ப மற்ற மூலைக்கு. அவ்வளவுதான், இரண்டு தோளுக்கும் பட்டி வந்துவிடும். கயிறு தோளை அறுக்கும், அதற்குப் பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றுவோம். தையல் என்று ஒன்று இருந்தால்தானே பிய்வதற்கு?

உள்ளே இருக்கிற பொலித்தீனைக் கழற்றி எறியாதீர்கள், மழைக்கு அதுதான் காப்பு. கெடுதி என்னவென்றால் வெயிலில் போட்டால் உரப்பை சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும். நிழலில் தொங்கவிட்டால் இரண்டு போகம் காணும்.

உமல், பன்பை என்று கையில் தூக்குகிற ஓலைப் பை, பன் பை கொண்டுபோன ஆட்களும் இருந்தார்கள், அது ஒரு கையைத் தின்றுவிடும். காட்டில் இரண்டு கையும் வேண்டும்.

பாலைப்பழம் (நெடுங்கேணி):
ஐயா அந்தக் கல்லுக் கட்டை இப்பவே வீட்டில் செய்து பார்த்தேன், சத்தியமாக வருகிறது 😂 தம்பியை உள்ளே இருத்தித் தூக்கினேன், அம்மா அடிக்க வந்தா.

குளிர்நாட்டான் (நோர்வே):
ஊர் ஆட்களோடு கதைத்துக் கனகாலம், இதுக்காகவே பதிவு செய்தேன். நான் பிறந்தது மாங்குளம். இங்கே இலையுதிர்காலத்தில் எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள், பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால்தான் வேட்டைக்காரன். என்னோடு வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டு நானும் இரண்டு முறை பொருள் சுமக்கப் போயிருக்கிறேன்.

கடையில் "டெனியர்" என்று ஒரு எண் எழுதியிருக்கும், அதைக் கேளுங்கள். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுதான் அந்த எண். 600 என்றால் 9000 மீற்றர் 600 கிராம். பள்ளிப் பைகள் பெரும்பாலும் 600 அல்லது அதற்கும் குறைந்த பொலியெஸ்ரர். கோர்டூரா என்று வருகிற 1000 டெனியர் நைலோன் உரசலுக்கு நன்றாகத் தாங்கும், முள் இழுத்தாலும் கீறல்தான் விழும், விலையும் நிறையும் கூட. பொலியெஸ்ரர் உரசலுக்கு நைலோனை விடக் கொஞ்சம் பின்னே, ஆனால் வெயிலுக்கு முன்னே, ஈரத்தில் தொய்வதும் குறைவு. ஆக உங்கள் ஊர் வெயிலுக்கு நெருக்கமாக நெய்த 600 பொலியெஸ்ரர் ஒன்றும் மட்டம் இல்லை.

முக்கியமானது இடுப்புப் பட்டி. 10 கிலோவுக்கு மேல் போனால் பாரம் தோளில் இருக்கக் கூடாது, இடுப்பு எலும்பில் இறங்க வேண்டும். நெஞ்சுக் கிளிப்பும் வேண்டும். அப்புறம் முதுகுப் பக்கம் சட்டம் வைத்த பை எடுங்கள், இங்கே இறைச்சியை அதில்தான் கட்டிக் கொண்டுவருவார்கள். நான் வேண்டுமானால் ஒன்று அனுப்பிவிடுகிறேன்.

இடியன் (ஒட்டுசுட்டான்):
தம்பி குளிர்நாட்டான், குறை நினையாதே. அங்கே துரத்துகிற அலியன், அதுதான் கொம்பில்லாத ஆண் யானை, இல்லை.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒருமுறை விடியப்புறம் வளைவில் திரும்பினால் இருபது முப்பது யார் முன்னால் நிற்கிறான், தனி அலியன், காது விரித்தபடி. நான் ஒரு தோளை உதறினேன், பை விழுந்தது, ஓடினேன். அவன் பையில் நின்றுவிட்டான். உள்ளே இருந்த உப்புப் பொதிக்கோ சோற்றுக்கோ, இல்லை என் வியர்வை நாற்றத்துக்கோ, எதற்கென்று அவனைத்தான் கேட்க வேண்டும். மத்தியானம் நாலு பேராகப் போய்ப் பார்த்தோம். பை நிலத்தோடு நிலமாகப் பாய் மாதிரி இருந்தது, போத்தல் மூடி தட்டையாகி நாணயம் மாதிரி. இடுப்பில் ஒரு கிளிப், நெஞ்சில் ஒரு கிளிப் என்று நான் தடவிக்கொண்டு நின்றிருந்தால் இன்றைக்கு இந்தக் கதையை வேறு ஆள் சொல்லியிருப்பார்.

இறைச்சி கட்டச் சட்டமா? ஐம்பது கிலோப் பன்றியை முதுகில் கட்டுகிறவன் விசரன். காவுதடியில் இரண்டு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுவருவதுதான். பை உங்கள் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும்.

அப்புறம் துவக்கு வைத்திருக்கிறவர் பையின் தோள்பட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். தடித்த பஞ்சு வைத்த பட்டி என்றால் பிடங்கு (துவக்கின் அடிக்கட்டை) தோளில் சரியாக உட்காராது, வழுக்கும். வலக்கைக்காரர் சுடுமுன் வலது பட்டியைக் கழற்றிவிட வேண்டும், அல்லது அந்த வேலைக்குப் பை இல்லாமல் போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் துவக்குக்காரன் முதுகில் ஒன்றும் இருக்காது, அவன் தண்ணீரைப் பின்னால் வருகிறவன் சுமப்பான். துவக்கைப் பையில் கட்டிக்கொண்டு நடப்பதைக் கண்டால் நான் அந்தக் கூட்டத்தோடு போகவே மாட்டேன்.

குளிர்நாட்டான் (நோர்வே):
அலியனுக்குப் பதில் என்னிடம் இல்லை ஐயா 🙏 கிளிப்புகளைத் திறந்து விட்டுப் போங்கள் என்று திருத்திக்கொள்கிறேன். சட்டம் வைத்த பை இரண்டு மூன்று கிலோ வெறுமையாகவே வரும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் குளிருக்குச் செய்தது, உங்கள் முதுகில் அவித்துவிடும். அனுப்புகிற காசுக்கு அங்கேயே இரண்டு வாங்கலாம்.

வயற்காவல் (மல்லாவி):
நன்றி எல்லாருக்கும். மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன், பிடங்கு விஷயத்துக்குத் தலையாட்டினார், "அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார், ஒரு நாளும் சொன்னதில்லை.

என் சந்தேகம் இன்னும் அப்படியே இருக்கிறது. உரப்பையை முதுகில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது. இடம்பெயர்ந்து 2009 இல் உரப்பை சுமந்த ஆள் நான், அதைத் திரும்பத் தோளில் போட மனமும் இல்லை. கடைப் பைதான். 4500 ஐயும் 9000 ஐயும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஊசிநூல் (கிளிநொச்சி):
நான் தைக்கிற ஆள், காட்டுக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் காட்டில் பிய்ந்த பைகள் எல்லாம் கடைசியில் என்னைப் போன்ற ஒருவரின் மெசினுக்குத்தான் வருகின்றன, ஆகவே எங்கே பிய்கிறது என்று எனக்குத் தெரியும். துணி நடுவில் கிழிந்த பையை நான் ஆண்டுக்கு ஒன்று இரண்டுதான் காண்கிறேன். மற்றதெல்லாம் மூன்று இடம்: தோள்பட்டி மேலே சேர்கிற இடம், பட்டி அடியில் சேர்கிற மூலை, சிப்.

கடையில் செய்ய வேண்டியது இதுதான் தம்பி. பையை வாங்கி வெளிப்பக்கத்தைப் பார்க்காதீர்கள். சிப்பை முழுக்கத் திறந்து உள்ளே வெளியே புரட்டுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

தோள்பட்டி தைத்த இடத்தை உள்ளே பாருங்கள். மலிவுப் பையில் பட்டியின் நுனியை இரண்டு துணிக்கும் நடுவே அரை அங்குலம் செருகி ஒரே ஒரு ஓட்டுத் தையல் போட்டிருக்கும். பாரம் முழுக்க அந்த ஒரு வரி ஓட்டையில் தொங்குகிறது, ஊசி குத்தின ஓட்டைகள் முத்திரை கிழிக்கிற மாதிரி வரிசையாக இருக்கும், இழுத்தால் அந்த வரியோடு துணி வரும். உங்கள் பைக்கு நடந்தது அச்சாக இதுதான். நல்ல பையில் பட்டி ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே போயிருக்கும், பின்னால் இன்னொரு தடித்த துணித் துண்டு வைத்திருப்பார்கள், சதுரம் போட்டு நடுவே குறுக்குக் கோடு அடித்திருப்பார்கள். அல்லது குறுகிய இடத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் அடித்த கட்டுத் தையல் இருக்கும், களிசானில் பெல்ற் போடுகிற வளையத்தைப் பாருங்கள், அந்த மாதிரி.

தையல் அடர்த்தியும் எண்ணலாம். இப்படித் தடித்த துணிக்கு அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் காணும். பன்னிரண்டு பதினான்கு இருந்தால் வடிவாக இருக்கும், ஆனால் துணியை ஓட்டை போட்டே பலவீனமாக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

உள்ளே துணியின் விளிம்பு நாடா வைத்து மூடித் தைத்திருக்கிறதா, அல்லது நூல் நூலாகத் தொங்குகிறதா? தொங்கினால் விட்டுவிடுங்கள். பஞ்சைப் பெருவிரலால் அழுத்துங்கள், எடுத்தவுடன் எழும்ப வேண்டும்.

இப்படிப் பார்த்தால் சில நேரம் 4500 பை 9000 பையை வென்றுவிடும். மிச்சக் காசு பேருக்கும் படத்துக்கும் போனது. அதோடு ஒன்று, மலிவுப் பையையும் பலப்படுத்தலாம். வாகனம் உடைக்கிற இடத்தில் பழைய சீற் பெல்ற் கேளுங்கள். அதை மூன்று அங்குலத் துண்டாக வெட்டி, நுனியை நெருப்பில் காட்டி உருக்கி, தோள்பட்டிக்குப் பின்னால் உள்ளே வைத்துத் தையுங்கள். வீட்டு மெசினில் ஏறாது, ஊசி முறியும். சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுங்கள், அவர் குத்தூசியால் கையால் தைப்பார்.

மன்னார்க்காற்று (மன்னார்):
அக்கா சொன்னது முத்து. நூலுக்கு மட்டும் ஒரு சொல். சப்பாத்துக்காரரின் பருத்தி நூல் வியர்வையில் உக்கிவிடும். வலை முறுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுங்கள், நைலோன். தங்கூசியை (தூண்டிலுக்குப் போடுகிற ஒற்றை நைலோன் இழை) கொடுத்துவிடாதீர்கள், சில பேர் பலம் என்று அதால் தைப்பார்கள், அது கம்பி மாதிரித் துணியை அறுத்துக்கொண்டு போகும், முடிச்சும் வழுக்கும். முறுக்கு நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்துவிட்டுத் தைத்தால் ஓட்டைக்குள் நூல் இறுகும், தண்ணீரும் இறங்காது.

சிப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடற்கரை ஆளுக்கு அது தெரியும். உலோகப் பல்லு உப்புக் காற்றில் பச்சை பிடித்து இறுகும். நைலோன் சுருள் பல்லு எடுங்கள், ஒரு இடத்தில் விலகினாலும் திரும்ப இழுத்தால் சேர்ந்துவிடும். ஓடியின், அதாவது இழுத்துத் திறக்கிற துண்டின், பின்பக்கம் ஒரு எண் இருக்கும், 5, 8, 10 என்று. மூடின பல்லின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீற்றர். பெரிய வாய்க்கு 8 அல்லது 10, சின்னப் பொக்கற்றுக்கு 5 காணும். ஓடி தேய்ந்து பின்னால் பல்லுத் திறந்துகொண்டு வந்தால் சிப்பை மாற்ற அவசரப்படாதீர்கள், குறட்டால் ஓடியின் இரண்டு பக்கத்தையும் மெல்ல, மிக மெல்ல நெரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சரி வரும். மெழுகுதிரியைப் பல்லில் தேய்த்துவிட்டால் சத்தமும் குறையும்.

பாலைப்பழம் (நெடுங்கேணி):
சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது, ஒட்டுப்பட்டி வைத்த பொக்கற் மட்டும் வேண்டாம். காட்டுக்கோழி பார்க்கப் போய்ப் பிஸ்கற் எடுக்க "பறார்" என்று திறந்தேன், கோழி என்ன, எறும்பும் நிற்கவில்லை.

பக்கத்தில் வலைப் பொக்கற் வைத்ததும் வேண்டாம். ஈச்சையும் சூரையும் முதல் நாளே அதைக் கொண்டுபோய்விடும்.

வயற்காவல் (மல்லாவி):
எத்தனை லீற்றர் பை? கடையில் 25, 35, 50, 65 என்று சொல்கிறார்கள்.

குளக்கட்டு (வவுனியா):
ஒரு நாள் போய் வருவதற்கு 30 முதல் 35. பெரிய பை வாங்கினால் நிரப்பாமல் விட மாட்டீர்கள், அது மனிதக் குணம். தலைக்கு மேல் உயர்ந்த பை பற்றைக்குள் குனியும்போது மேலே கொளுவி உங்களைப் பின்னால் இழுக்கும், அதையும் பாருங்கள்.

கணக்கு இப்படிப் போடுங்கள். வைகாசி வெயிலில் காலை போய்ப் பின்னேரம் வர ஆளுக்கு நாலு லீற்றர் தண்ணீர். அதுவே நாலு கிலோ. சாப்பாடு, கத்தி, ரோச், பொலித்தீன், கயிறு எல்லாம் சேர்த்து இன்னும் மூன்று. ஏழு எட்டுக் கிலோவுக்கு இடுப்புப் பட்டி இல்லாமலே சமாளிக்கலாம், ஐயாவின் அலியனுக்கும் மரியாதை. தண்ணீரை முதுகோடு ஒட்டி, நடு உயரத்தில் வையுங்கள். அடியில் வைத்தால் பை பின்னால் இழுக்கும், வெளிப் பொக்கற்றில் வைத்தால் ஆடும்.

பையில் சுருட்டி வைத்த கட்டுத்துணி ஒன்றும் இருக்கட்டும். புடையன் பாம்பு கடித்தால் வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கை காலை ஆடாமல் தடியோடு தளர்வாகக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு. சிவப்பு அல்லது செம்மஞ்சள் துணி ஒரு முழம் பைக்குள் கிடக்கட்டும். ஆள் வழி தவறினால் மரத்தில் கட்ட, இன்னொரு கூட்டம் துவக்கோடு வருவது தெரிந்தால் பைக்கு மேல் போட. முன்னே சொன்னேனே, பன்றிக்கு அது மங்கல். மனிதனுக்குத்தான் தெரிய வேண்டும்.

குளிர்நாட்டான் (நோர்வே):
"வாட்டர் புறூவ்" என்று எழுதியிருந்தால் நம்பி விடாதீர்கள். துணியின் உட்பக்கம் பூசின பூச்சுத்தான் அது. தகரக் கூரைக்குக் கீழே வெக்கையிலும் ஈரத்திலும் மாதக் கணக்கில் சுருட்டி வைத்தால் அந்தப் பூச்சுப் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரும். தண்ணீர் தையல் ஓட்டையாலும் சிப்பாலும் வரும். ஐயா சொன்ன உரப்பைப் பொலித்தீனை உள்ளே போட்டு வாயை முறுக்கிக் கட்டுவதுதான் ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சரி. போன், பற்றறி, தோட்டா எல்லாம் அதுக்குள்ளே.

இடியன் (ஒட்டுசுட்டான்):
கடைசியில் எல்லாரும் உரப்பைக்கு வந்துவிட்டீர்கள் பார்த்தீர்களா.

இறைச்சியை மட்டும் அந்தப் பொலித்தீனில் போடாதீர்கள். வெக்கையில் அவிந்து நாறிவிடும். வெள்ளைத் துணியில் சுற்றி, காற்றுப் பட, காவுதடியில்.

வயற்காவல் (மல்லாவி):
வாங்கியாச்சு!

கடைக்குப் போய் அக்கா சொன்ன மாதிரி உள்ளே புரட்டினேன். முதலாவது பையில் பட்டி நுனி நகக்கண் அளவுதான் உள்ளே போயிருந்தது, 9000 ரூபாப் பை அது! கடைப் பொடியன் "அண்ணை நீங்கள் வாங்க வந்தீர்களா தைக்க வந்தீர்களா" என்று கேட்டான். ஐந்தாவது பை கறுப்பு, 35 லீற்றர், 4800, பேர் ஒன்றும் இல்லாதது. சதுரத் தையல் இல்லை, ஆனால் ஒரு அங்குலம் உள்ளே போய் இரண்டு வரி ஓடியிருக்கிறது, விளிம்பில் நாடா. சிப் 8. பக்கத்தில் வலைப் பொக்கற் இருக்கிறது, அது இல்லாத பை கிடைக்கவே இல்லை.

சீற் பெல்ற் வாகனம் உடைக்கிற இடத்தில் சும்மா தந்தார்கள். சப்பாத்துத் தைக்கிற ஐயா 700 ரூபா எடுத்தார், முன்னே பிய்ந்த மாதிரிப் பிய்யாமல் இருக்க நாலு மூலைக்கும் துண்டு வைத்துத் தைத்தார். நான் மெழுகு போட்ட நூலைக் கொடுத்ததும் மணந்து பார்த்துவிட்டு "தேன் எங்கே?" என்றார். ஆக மொத்தம் 5500.

ஊசிநூல் (கிளிநொச்சி):
சந்தோஷம் தம்பி. காட்டுக்குப் போக முதல் ஒரு சோதனை செய்யுங்கள். தண்ணீர்ப் போத்தல் பதினைந்து லீற்றர், அதாவது பதினைந்து கிலோ, உள்ளே வைத்து, இரண்டு தோள்பட்டியாலும் மாமரக் கொப்பில் தொங்கவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் தையலடியில் ஊசி ஓட்டைகள் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தால் அந்த இடம் போகப் போகிறது. வட்டமாகவே இருந்தால் கொண்டு போங்கள்.

வயற்காவல் (மல்லாவி):
வட்டம்! நாலு பக்கமும் ரோச் பிடித்துப் பார்த்தேன். விடிய மனிசி முற்றத்துக்கு வந்து கொப்பில் என்னமோ தொங்குகிறது என்று பயந்து கத்தினது தனிக் கதை.

வயற்காவல் (மல்லாவி):
ஆனி பிறந்து பாலைப்பழத்துக்குப் போய் வந்தோம், பை எப்படி என்று எழுதுகிறேன்.

தோள்பட்டி அசையவில்லை. வலைப் பொக்கற் தம்பி சொன்ன மாதிரியே முதல் ஒரு மணி நேரத்தில் ஈச்சையில் போனது, இரண்டாவதை நானே கத்தியால் வெட்டி எறிந்துவிட்டேன், தொல்லை முடிந்தது. கரடி கிண்டின புற்று மூன்று கண்டோம், மண் இன்னும் ஈரம், ஆகவே கனக்க உள்ளே போகவில்லை. பாலைக்கு நாங்கள் மட்டுமா ஆட்கள்.

நான் விட்ட பிழை ஒன்று. பழத்தைக் கானில் போடாமல் நேரே பைக்குள் கொட்டினேன், பொலித்தீன் போட மறந்துபோனேன். அடியில் இருந்தது நசிந்து பால் முழுக்கத் துணியில் பிடித்துவிட்டது. பாலைப்பழம் தின்ற வாய் எப்படி ஒட்டும் என்று தெரியும்தானே, பை முழுக்க அப்படி. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துத்தான் கழற்றினேன். பிறகு சவர்க்காரம் போட்டு எண்ணெயைக் கழுவ இன்னொரு நாள். காயும்வரை எறும்பு.

பாலைப்பழம் (நெடுங்கேணி):
என் பேரைக் கெடுத்துவிட்டீர்கள் அண்ணை.

காய்ந்ததும் கீழே வைக்காதீர்கள், கம்பியில் கொழுவுங்கோ. இனிப்பு மணத்துக்கு எலி வந்து அடியைத் தின்னும், என்னுடைய போன ஆண்டுப் பை அப்படித்தான் போனது.

மன்னார்க்காற்று (மன்னார்):
வெயிலிலும் கொழுவாதீர்கள், நிழல்.

குளிர்நாட்டான் (நோர்வே):
அடுத்த வைகாசி ஊருக்கு வருகிறேன். அந்த வலை நூல் எங்கே வாங்கினீர்கள், எனக்கும் ஒரு உருண்டை எடுத்து வையுங்கள், இங்கே என் பையின் பட்டியும் ஆடுகிறது.

வயற்காவல் (மல்லாவி):
முல்லைத்தீவில் வலைச் சாமான் விற்கிற கடையில் அண்ணை. கறுப்பைக் கேட்க வேண்டும், வெள்ளை சீக்கிரம் ஊத்தையாகும். உருண்டையாகத் தர மாட்டார்கள், கட்டையில் சுற்றினதுதான். மெழுகு மாமாவிடம் இருக்கிறது, தேன் மட்டும் கேட்காதீர்கள், அது முடிந்துபோச்சு.